எதனோடும் ஒட்டாத வாயு

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில்தான் ஃப்ரிட்ஜ் இருந்தது. எங்களுடையது மாமா வீட்டிலிருந்து கைமாறி வந்தது. சித்திரை பிறந்தால் அதற்கு நோவு கண்டுவிடும். பால் திரியும், பாட்டில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வருவார். வந்தவர் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, பின்பக்கத்துக் கறுப்புக் கம்பிகளில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வருடா வருடம் சொல்வதையே சொல்வார்: "கேஸ் போயிடுச்சு சார். அடிக்கணும்."

முதலில் சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவி எங்கே குமிழ் கிளம்புகிறது என்று பார்ப்பார். அதில் பிடிபடாவிட்டால் பையிலிருந்து ஒரு சின்ன விளக்கு வெளியே வரும். அதைக் கொளுத்தி, அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயின் நுனியை இணைப்புகளின் ஓரமாக மெல்ல நகர்த்துவார். நீலமாக எரியும் சுடர் ஓரிடத்தில் சட்டென்று பச்சையாகும். அங்கேதான் ஓட்டை. எனக்கு அது மோடி வித்தை. பிறகு செம்புக் குழாயை வெட்டுவார். உள்ளே மிச்சமிருந்த வாயு உஸ்ஸென்று வெளியே வரும். முகத்தைக் காட்டினால் சில்லென்று இருக்கும். வாசனை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. நான் காட்டியிருக்கிறேன். அவர் தடுத்ததில்லை. "ஒண்ணும் பண்ணாது தம்பி. இது சாது கேஸ்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அது எரியாது, நஞ்சில்லை, குழாயை அரிக்காது, எதனோடும் ஒட்டாது, எதனோடும் சேராது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது மிரள்வதற்கு இருபது, முப்பது கிலோமீட்டர் மேலே போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பிருந்த வாயுக்கள் சாதுக்கள் அல்ல. 1920களில் வீட்டு ஃப்ரிட்ஜுகளுக்குள் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே கசிந்தால் ஆபத்து. மெத்தில் குளோரைடு கசிந்தால் எளிதில் மூக்குக்கும் தெரியாது. பெர்லினில் ஒரு குடும்பமே ஃப்ரிட்ஜ் கசிவில் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து கசிவுக்கு இடமில்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார்கள். சார்பியல் கோட்பாடு தந்தவர் சமையலறைச் சாமானில் மூளையைச் செலவிடும் அளவுக்கு அது நிஜமான பிரச்சினை. அவர்களுடைய பெட்டி கடைக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியத்தையே இல்லாமலாக்கினார் ஓர் அமெரிக்கர்.

தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சியாளர். 1928இல் அவரும் அவருடைய குழுவினரும் கார்பன், குளோரின், ஃப்ளோரின் மூன்றையும் ஒரே மூலக்கூறில் கோத்து ஒரு வாயுவைத் தயாரித்தார்கள். ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி இரண்டு குளோரின், இரண்டு ஃப்ளோரின். ஃப்ரியான்-12 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் மெக்கானிக்குகள் வாயில் அது ஆர்-12. 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் விட்டார். சுடர் அணைந்தது, மனிதர் நின்றுகொண்டிருந்தார். நஞ்சும் இல்லை, நெருப்பும் பிடிக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார்.

மிட்ஜ்லியைத் திட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் அவர்தான். ஈய விஷயத்தில் அவருக்காக நான் வாதாட வரமாட்டேன். அதைத் தயாரித்த தொழிலாளர்கள் செத்தது அவருக்குத் தெரியும். ஃப்ரியான் வேறு கதை. 1930இல் இருந்த அறிவை வைத்துக்கொண்டு யோசித்தால், பிள்ளை குட்டிகள் தூங்கும் வீட்டுக்குள் வைக்க அதைவிட நல்ல வாயு கிடையாது. நானாக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்த இனத்து வாயுக்கள், குளோரோ ஃப்ளோரோ கார்பன்கள், சுருக்கமாக சி.எஃப்.சி., போகாத இடமில்லை. ஏசி, கார் ஏசி, தலைமுடி ஸ்ப்ரே, கொசு மருந்து ஸ்ப்ரே, சோபாவுக்குள் இருக்கும் நுரைப் பஞ்சு. எங்கே போனாலும் முடிவு ஒன்றுதான்: இன்றோ, பத்து வருடம் கழித்தோ, காற்றில் கலக்கும். காற்றில் கலந்தபின் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எதனோடும் சேராத பொருள், அதற்கென்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லைதான். மழையில் கரையவில்லை, மண்ணில் படியவில்லை, கடல் குடிக்கவில்லை. தயாரித்ததில் பெரும்பகுதி அப்படியே காற்றில் நின்றது.

நின்றதை முதலில் அளந்தவர் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர். சொந்தமாக ஒரு நுட்பமான கருவி செய்து வைத்திருந்தார். 1971இல் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து அண்டார்டிகா வரை போய், வழி நெடுகக் காற்றை முகர்ந்து பார்த்தார். ஃப்ரிட்ஜே இல்லாத நடுக்கடலிலும் சி.எஃப்.சி. இருந்தது. அளவு மிகச் சொற்பம். லட்சம் கோடி மூலக்கூறுகளில் ஐம்பது போல. இதனால் ஆபத்து ஒன்றும் இருக்க முடியாது என்றுதான் லவ்லாக்கே எழுதினார்.

கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலாளருக்கு அந்தச் சொற்பம் உறுத்தியது. மெக்சிகோவிலிருந்து வந்து அவரிடம் சேர்ந்த மரியோ மொலினாவிடம் கணக்கை ஒப்படைத்தார். கீழே உடையாத பொருள் மேலே போய்ச் சேரும்; அங்கே, ஓசோன் வடிகட்டாத புற ஊதாக் கதிர் அதை வெட்டும்; குளோரின் அணு தனியே கழன்று வரும். அந்த ஓர் அணு ஓர் ஓசோனை உடைக்கும், அதிலிருந்து மீண்டும் தனியே வரும், அடுத்ததை உடைக்கும். ஓய்வதற்குள் லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை தீர்ந்துவிடும். 1974 ஜூனில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. மெக்கானிக்கின் விளக்கிலும் நடந்தது இதே ஜாதி வேலைதான். சூடான செம்பின் மேல் பட்டு வாயு உடைந்தது, குளோரின் செம்போடு சேர்ந்தது, சுடர் பச்சையானது. சாது மிரள்வதை நான் ஏழெட்டு வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதன் பெயர் தெரியாமல்.

இதுவரை வந்தது பாடப்புத்தகத்தில் உள்ள கதை. இதன் இன்னொரு பாதி நம்மவர் ஒருவருடையது. பாடப்புத்தகம் அதை ஏன் விட்டுவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீரபத்ரன் ராமநாதன் 1944இல் மதுரையில் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை தமிழில் படித்த பையன் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தான். வாத்தியார் சொல்வதைக் கவனிக்கும் பழக்கம் போய், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? பெட்டியிலிருந்து வாயு ஏன் இத்தனை சீக்கிரம் கசிந்து போகிறது என்று கண்டுபிடிப்பது. எங்கள் வீட்டு மெக்கானிக் வருடா வருடம் பார்த்த அதே வேலை.

அது அவரைப் பிடித்து வைக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் வழியாக 1970இல் அமெரிக்கா போனார். அங்கே ஆய்வுப் பொருளாக அமைந்தது கிரகங்களின் வளிமண்டலத்தில் வெப்பக் கதிர் எப்படிப் போய்வருகிறது என்பது. பட்டம் வாங்கி நாசா ஆய்வகம் ஒன்றில் இருந்தபோது ரோலண்ட், மொலினாவின் கட்டுரை கைக்கு வந்தது. எல்லோரும் இந்த வாயு ஓசோனை என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செகந்திராபாத்தில் அதோடு மல்லுக்கு நின்றவருக்கு வேறு கேள்வி தோன்றியது: உடைவதற்கு முன்னால், சும்மா இருக்கும் அத்தனை ஆண்டுகளும், அது வெப்பத்தை என்ன செய்யும்?

இதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கோடையில் மாடியில் பாய் விரித்தவர்களுக்குத் தெரியும்: பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் சூட்டைக் கக்கும். வானம் தெளிவாக இருந்தால் நடுநிசிக்குப் பிறகு தளம் ஆறிவிடும். மேகம் மூடியிருந்தால் விடியும்வரை புழுங்கும். தளம் கக்குவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பூமி முழுவதும் இப்படித்தான் வெயிலில் வாங்கியதைத் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கதிர் ஒரே அலைநீளத்தில் போவதில்லை. பல அலைநீளங்களில் பரவிப் போகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த சில அலைநீளங்களை மட்டும் வழிமறிக்கும். கரியமில வாயுவின் பேட்டை 15 மைக்ரான் அக்கம்பக்கம். நீராவி அதற்கு அப்பாலும், எட்டுக்குக் கீழேயும். நடுவே 8 முதல் 12 மைக்ரான் வரை ஏறக்குறைய ஆளில்லாத இடம்; ஓசோன் மட்டும் ஓர் ஓரத்தில் கொஞ்சம் நிற்கிறது. வானிலைக்காரர்கள் இதை வளிமண்டலச் சாளரம் என்பார்கள். மாடித் தளமும் சரி, அதன் மேல் படுத்திருக்கும் நம் உடம்பும் சரி, மிக அதிகமாகக் கதிர்விடுவது 10 மைக்ரானுக்குப் பக்கத்தில்தான். பூமி தன் சூட்டைக் கொட்டும் பெரிய ஜன்னல் அது.

கார்பனும் ஃப்ளோரினும், கார்பனும் குளோரினும் பிணைந்திருக்கும் கணுக்கள் அதிர்வதும், அதிரும்போது கதிரை விழுங்குவதும் சரியாக அந்த ஜன்னலில்தான்.

பத்துத் திரை தொங்கும் ஜன்னலில் பதினொன்றாவது திரையைப் போட்டால் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். வெறும் ஜன்னலில் ஒரு மெல்லிய துண்டைக் கட்டினாலே தெரிந்துவிடும். கரியமில வாயு முதல் வகை, சி.எஃப்.சி. இரண்டாம் வகை. ராமநாதன் கணக்குப் போட்டார்: ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரியமில மூலக்கூறுகளின் வேலையைச் செய்கிறது. 1975 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. அதுவரை மனிதனால் பூமி சூடாகும் என்று பேசியவர்கள் கரியமில வாயுவை மட்டும்தான் பெரிதாகப் பேசினார்கள். அதன்பின் மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு என்று மற்றவற்றையும் தேட ஆரம்பித்தார்கள். பத்தாண்டு கழித்து ராமநாதனும் சகாக்களும் கூட்டிப் பார்த்தபோது, இந்தச் சில்லறைகள் எல்லாம் சேர்ந்து கரியமில வாயுவுக்குச் சமமாக நிற்கக்கூடும் என்று வந்தது.

இந்தப் பத்தாயிரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். எங்கள் பழைய பெட்டியில் நூறு கிராமுக்குக் குறையாமல் ஆர்-12 இருந்திருக்கும். எடைக்கு எடை, நூறு வருடக் கணக்கில், அதன் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. நூறு கிராம் என்றால் ஒரு டன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆக அது 430 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் 17,000 கிலோமீட்டர். அப்பா காசை மிச்சம் பிடிக்க சைக்கிளில் போய்க் கூட்டி வந்த மனிதர், ஒரு குழாயை வெட்டி ஐந்து நொடியில், கசிந்தது போக மிச்சமிருந்த தூரத்தை ஓட்டி முடித்துவிட்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டி ஒவ்வொன்றிலும் அதைக் கேட்கிறேன். ஓசோனில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக வெயில் உள்ளே வந்து, பூமி சூடாகிறது என்பார்கள். இல்லை. ஓட்டை வழியாக வருவது புற ஊதாக் கதிர். அது தோலையும் கண்ணையும் பயிரையும் பாதிக்கும். பூமி சூடாவது உள்ளே வந்த வெப்பம் வெளியே போக முடியாததால். இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே ஆள் காரணமாக இருந்தது தற்செயல். இன்னொன்று: கரியமில வாயுதான் இன்றும் பெரியண்ணன். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 ஆக இருந்தது 420ஐத் தாண்டிவிட்டது. சி.எஃப்.சி.யும் அதன் உறவுக்கார வாயுக்களும் சேர்ந்து தரும் சூடு, மனிதர் சேர்த்த கரியமில வாயு தருவதில் ஐந்தில் ஒரு பங்கு போல. ஆனால் பெரியண்ணனை அளப்பது லட்சங்களில். இவற்றை லட்சம் கோடிகளில்.

ஓசோன் பக்கம் என்ன நடந்தது என்பது ஊரறிந்தது, அதனால் வேகமாகக் கடக்கிறேன். அண்டார்டிகாவில் ஹாலி விரிகுடாவில் பிரிட்டிஷ்காரர்கள் 1950களிலிருந்து ஒரு பழைய கருவியால் ஓசோனை அளந்து வந்தார்கள். மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கி அடுக்கினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான் வரும். ஹாலியில் அந்த மூன்று, எண்பதுகளின் அக்டோபர் மாதங்களில் இரண்டுக்கும் கீழே போனது. நாசா செயற்கைக்கோளும் அதே எண்களை எடுத்தது. ஆனால் இத்தனை குறைவாக இருக்க முடியாது என்று கணினி அவற்றைச் சந்தேகக் கணக்கில் ஒதுக்கிவிட்டது. ஜோ ஃபார்மனும் இரண்டு சகாக்களும் 1985 மே மாதம் வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட இத்தனை மோசமானது ஏன் என்பதை அமெரிக்கப் பெண் விஞ்ஞானி சூசன் சாலமன் விளக்கினார்: துருவக் குளிரில் உறையும் மேகத் துகள்களின் மேல் குளோரின் விழித்துக்கொள்கிறது, வசந்தத்தின் முதல் வெயில் பட்டதும் வேட்டை தொடங்குகிறது.

1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் சி.எஃப்.சி.யைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் 24 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியா உடனே போடவில்லை. அதில் நியாயம் இருந்தது. காற்றில் நின்ற சி.எஃப்.சி. யாருடையது? அமெரிக்காவும் ஐரோப்பாவும் அரை நூற்றாண்டு குளிர்ந்துகொண்டபின், நம் தெருவில் நாலாவது வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்கும் நேரத்தில் விலையை ஏற்றினால் எப்படி? மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் தர 1990இல் லண்டனில் ஒரு நிதி அமைத்த பிறகுதான் இந்தியா வந்தது, 1992இல். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் முப்பது வருடமாக இழுபடும் அதே வழக்கு இங்கே இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்தது. பணம் கொடுத்தார்கள், தீர்ந்தது.

ஓசோனுக்காகப் போட்ட அந்த ஒப்பந்தம் காலநிலைக்குச் செய்ததை 2007இல் சிலர் கணக்கிட்டார்கள். பூமி சூடாவதைத் தடுக்கவென்றே போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைப் போல ஐந்தாறு மடங்கு. ராமநாதனின் கட்டுரையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களும் அதற்குச் சேர்த்தே போட்டிருக்கிறார்கள்.

திருட்டும் நடந்தது. சி.எஃப்.சி.-11 தயாரிப்பு உலகெங்கும் 2010இல் நின்றிருக்க வேண்டும். ஹவாய் மலை உச்சிக் காற்றை அளப்பவர்கள், அது குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018இல் சொன்னார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் உள்ள கருவிகள் காற்று எந்தத் திசையில் வந்தபோது அளவு கூடியது என்று பார்த்துப் பார்த்து, கிழக்குச் சீனாவின் ஷாண்டாங், ஹெபெய் மாகாணங்கள்வரை போய்விட்டன. இணைப்பு இணைப்பாக நகர்ந்து சுடர் எங்கே பச்சையாகிறது என்று பார்க்கும் வேலைதான், ஒரு கண்டத்தின் மேல். அதன்பின் அளவு இறங்கியது. இன்று தென்துருவ ஓசோன் 1980இன் நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சி.எஃப்.சி.க்குப் பதிலாக வந்தவற்றில் முக்கியமானது ஆர்-134ஏ. குளோரின் இல்லை, ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் ஃப்ளோரின் இருக்கிறதே. கார்பன் ஃப்ளோரின் கணு அதே ஜன்னலில் அதே துண்டைக் கட்டுகிறது. கரியமில வாயுவைப் போல 1,300 மடங்குக்கும் மேல். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டோம். அதைச் சரிசெய்ய 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு முறை உட்கார வேண்டியிருந்தது. அதன்படி இந்தியா 2028 முதல் இந்த வாயுக்களின் பயன்பாட்டை உறைய வைத்து, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். மே மாதத்தில் ஏசி கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது எத்தனை பெரிய வேலை என்று தெரியும்.

போன கோடையில் எங்கள் ஃப்ரிட்ஜ் மறுபடி படுத்துவிட்டது. வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பின்பக்கத்து மஞ்சள் முக்கோணத்தையும் அதற்குள் இருந்த நெருப்புப் படத்தையும் காட்டினான். ஆர்-600ஏ, ஐசோபியூட்டேன். குளோரினும் இல்லை, ஃப்ளோரினும் இல்லை; ஐம்பது அறுபது கிராம்தான்; கசிந்தாலும் சில நாட்களில் காற்றிலேயே சிதைந்துபோகும். "சிலிண்டர் கேஸுக்குத் தம்பி மாதிரி சார். அடுப்பை நிறுத்திடுங்க. சாமி ரூம்ல விளக்கு எரியுதா? அணைச்சிட்டு வரச் சொல்லுங்க."

"அணைக்கிறதுன்னு சொல்லாதேப்பா," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "குளிர வைக்கிறேன்." விளக்கை அவள் வாயால் ஊதுவதில்லை. திரியைக் குச்சியால் இழுத்து எண்ணெயில் அமிழ்த்தினாள்.

பையன் ஒரு நீளக் குழாயைப் பால்கனிக்கு வெளியே விட்டு, இந்தப் பக்கத்து வால்வைத் திறந்தான். உஸ்ஸென்று அதே சத்தம். இந்த முறை நான் முகத்தைக் காட்டவில்லை.